ஊசி நூல் இல்லாமல் ஜன்னல் திரை: எது நிற்கும், எது உரியும்

பழைய பெட்ஷீட், துப்பட்டா, புடவை, மேஜை விரிப்பு எதையும் தைக்காமலே திரையாக்கிவிடலாம் என்று சொல்லி விற்கும் பொருட்கள் ஏழெட்டு வகை இருக்கின்றன. இஸ்திரி போட்டால் ஒட்டும் ஹெம் டேப், துணிப் பசை, கிளூ கன், கிளிப் வளையம், அழுத்தி மூடும் ஐலெட் (கம்பி நுழையும் ஓட்டையின் விளிம்பில் பொருத்தும் வளையம்), ஸ்பிரிங் கம்பி, ஒட்டும் வெல்க்ரோ. எல்லா அட்டையிலும் ‘தையல் தேவையில்லை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த வேலைக்குத் தேவையில்லை என்பது மட்டும் இருக்காது. அதனால்தான் ஓரம் மடிக்க வேண்டிய பசையில் திரையையே தொங்கவிட்டு, மூன்றாம் வாரம் அது தரையில் கிடக்கும்போது ‘பசை மட்டம்’ என்று திட்டுகிறோம். பெரும்பாலும் பசை மேல் தப்பில்லை.

ஒட்டிய துணி இரண்டு விதமாகப் பிரியும். இரண்டு துண்டையும் எதிரெதிர்த் திசையில் பக்கவாட்டில் இழுத்தால், ஒட்டிய பரப்பு முழுவதும் சேர்ந்து தாங்கும். சாதாரணப் பசைகூட இதற்கு அசராது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பி உரித்தால் கதையே வேறு. அப்போது அந்தந்த நொடியில் தாங்குவது நூல் அகலத்துக்கு ஒரே ஒரு கோடுதான். அது விட்டால் அடுத்தது, அதுவும் விட்டால் அதற்கடுத்தது. ஸ்டிக்கர் உரிவது இப்படித்தான். கீழே ஒவ்வொரு பொருளையும் இதை வைத்தே எடை போட்டிருக்கிறோம்: திரையின் பாரத்தைக் கம்பியும் வளையமும் சுமக்கட்டும், மடிப்பைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும் பசைக்கு.

இஸ்திரி ஹெம் டேப்

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நாடா, பெரும்பாலும் 2 முதல் 2.5 செ.மீ. அகலம். நைலான் குடும்பத்தைச் சேர்ந்த பாலிஅமைடு இழைகள் சூட்டில் உருகி, மேல் துணிக்குள்ளும் கீழ்த் துணிக்குள்ளும் இறங்கி, ஆறியதும் கெட்டியாகிவிடும். இரண்டு வடிவில் கிடைக்கும். ஒரு பக்கம் காகிதம் ஒட்டியது, காகிதம் இல்லாதது. பழகாத கைக்குக் காகிதம் உள்ளதே மேல். முதலில் ஒரு பக்கம் ஒட்டி, காகிதத்தை உரித்து, பிறகு மடிக்கலாம், நாடா நகராது. காகிதம் இல்லாததில் நாடா மடிப்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்தாலும் இஸ்திரிப் பெட்டியின் அடியில் போய் அப்பிக்கொள்ளும்.

டேப் ஒட்டவில்லை என்ற புகாரில் பாதிக்குக் காரணம் துணி. புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும், பழைய துணியில் துணி மென்மையாக்கியின் படிவு இருக்கும். இரண்டுமே பசை இழைக்குள் இறங்காமல் தடுக்கும். ஆகவே முதல் வேலை, மென்மையாக்கி சேர்க்காமல் ஒரு முறை அலசிக் காயவைத்து இஸ்திரி போடுவது. புதுப் பருத்தியானால் சுருக்கமும் இப்போதே நடந்து முடியட்டும். மூன்று நான்கு சதவீதம் சுருங்கும் துணியை அலசாமல் ஓரம் ஒட்டினால், முதல் சலவையில் துணி சுருங்கும், டேப் சுருங்காது, ஓரம் முழுக்க அலை அலையாக நெளியும். அதைப் பிறகு எந்த இஸ்திரியும் நேராக்காது.

அடுத்து சூடு. இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பெரும்பாலான டேப்புகளுக்கு இரண்டு புள்ளியும் மேலே ஓர் ஈரத் துணியும் போதும். அந்த ஈரத் துணியைச் சிலர் வேண்டாத வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஆவிதான் சூட்டை மடிப்பின் உள்ளே கொண்டுபோகிறது. வறண்ட சூடு மேல் துணியைக் கருக்கிவிட்டு உள்ளே பாதி வெப்பத்தோடு நின்றுவிடும்.

பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைக்க வேண்டும், அழுத்த வேண்டும், பத்து நொடி எண்ண வேண்டும், தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால் உருகிய டேப்பின் மேல் துணி வழுக்கி, நேராக மடித்த ஓரம் பாம்பு மாதிரி வளையும். ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்தின் மேல் இரண்டு விரற்கடை ஏறி வையுங்கள். முழு நீளமும் முடிந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. முடிந்தவுடன் இழுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பாலிஅமைடு சூடாக இருக்கும்வரை பாகுதான், ஆறின பிறகுதான் பிடிப்பு. அங்கேயே பத்து நிமிடம் கிடக்கட்டும்.

எந்தத் துணியானாலும் முதலில் ஐந்து செ.மீ. துண்டில் சோதனை செய்யுங்கள். ஆறிய பிறகு மூலையை நகத்தால் கிளப்புங்கள். டேப் ஒரு துணியோடு முழுசாகப் போய், மற்ற துணி சுத்தமாக வந்தால் சூடு போதவில்லை அல்லது துணியில் படிவு இருக்கிறது. இரண்டு பக்கமும் பிசிறு பிசிறாகக் கிழிந்து வந்தால் சரியாக ஒட்டியிருக்கிறது. மேல் துணியில் கரும்புள்ளியாகப் பசை கசிந்து தெரிந்தால் சூடு அதிகம், அல்லது துணிக்கு டேப் கனம் அதிகம்.

டேப் தோற்கும் இடங்களும் உண்டு. நீர் ஒட்டாத பூச்சு போட்ட மேஜை விரிப்பில் ஒட்டவே ஒட்டாது. மெல்லிய ஷிஃபானிலும் ஜார்ஜெட்டிலும் ஒட்டும், ஆனால் வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது ஓரம் முழுக்கப் பட்டையாக நிழல் தெரியும். ஜரிகை என்றால் எச்சரிக்கை: இப்போதைய ஜரிகை பலவற்றில் உள்ளே இருப்பது உலோகப் பூச்சு போட்ட பிளாஸ்டிக் இழை. இரண்டு புள்ளிச் சூட்டில் அது சுருண்டு கறுத்துவிடும். வெல்வெட், துவாலை மாதிரிக் குச்சம் உள்ள துணியில் பசை குச்சத்தின் நுனியை மட்டும் பிடிக்கும். அடியில் உள்ள நெசவை எட்டாது.

பெட்டியின் அடியில் பசை ஒட்டிவிட்டால் ஆறவிடாதீர்கள். சூடாக இருக்கும்போதே வேண்டாத பருத்தித் துணியின் மேல் நாலு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். கோணலாக ஒட்டிய ஓரத்தைப் பிரிக்கவும் சூடுதான் வழி. ஈரத் துணி போட்டு மறுபடி அழுத்தி, ஆறுவதற்குள் மெதுவாக உரியுங்கள். ஒருமுறை உரித்த டேப்பை மறுபடி நம்பாதீர்கள், புதுசு வையுங்கள்.

ஒரு பெட்ஷீட், இரண்டு திரை

கணக்கு போட்டுப் பார்த்தால்தான் டேப் எவ்வளவு வேண்டும் என்பது புரியும். ஜன்னல் 120 செ.மீ. அகலம், 140 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 15 செ.மீ. கூடுதலாக விட்டால் கம்பி 150 செ.மீ. கம்பியை ஜன்னலுக்கு மேல் 15 செ.மீ. உயர்த்தி, திரையை அடிக்கட்டைக்குக் கீழ் 15 செ.மீ. இறக்கினால் திரையின் உயரம் 170 செ.மீ. துணியின் மொத்த அகலம் கம்பியைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். அதற்குக் குறைந்தால் மூடும்போது மடிப்பே இல்லாமல் போர்வை காயப்போட்ட மாதிரி இருக்கும். மெல்லிய துணிக்கு இரண்டு மடங்கு நன்றாக விழும்.

225 செ.மீ. அகலமும் 250 செ.மீ. நீளமும் உள்ள இரட்டைக் கட்டில் விரிப்பு இதற்குச் சரியாக அமையும். அதன் தலைமாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். பல விரிப்புகளில் அங்கே ஏழு முதல் பத்து செ.மீ. அகலத்துக்கு மடித்துத் தைத்த ஓரம் இருக்கும். ஆலையே தைத்துக் கொடுத்த கம்பிப் பை அது! இரண்டு முனையிலும் மூடியிருக்கும் நாலைந்து தையலை மட்டும் பிரித்துவிட்டால் கம்பி உள்ளே போய்விடும். திரையின் முழு பாரமும் நிஜத் தையலில் நிற்கும். பசைக்கு அங்கே வேலையே இல்லை.

விரிப்பை நீளவாக்கில் நடுவே வெட்டினால் ஒவ்வொன்றும் 112.5 செ.மீ. அகலம். மேல் மடிப்பிலிருந்து 180 செ.மீ. அளந்து குறுக்கே வெட்டுங்கள். அதில் 10 செ.மீ. கீழ் ஓரத்துக்கு. நெய்த கரை இருக்கும் வெளிப்பக்கத்தை அப்படியே விடுங்கள், அது பிரியாது. ஒட்ட வேண்டியது நடுவில் வெட்டிய விளிம்பும் அடி ஓரமும் மட்டும். விளிம்பை 2.5 செ.மீ. மடித்தால் அகலம் 110 ஆகும். பக்க ஓரம் 170 வீதம் இரண்டு, அடி ஓரம் 110 வீதம் இரண்டு, ஆக 560 செ.மீ. ஆறு மீட்டர் டேப் வாங்கினால் சோதனைத் துண்டுக்கும் சேர்த்துப் போதும். இஸ்திரிப் பெட்டி ஒரு தடவைக்கு இருபது செ.மீ. பிடிக்கிறது என்று வைத்தால் 28 அழுத்தல், மறுபக்கத்துக்கும் சேர்த்து 56. வெறும் அழுத்தும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. அளந்து, மடித்து, குண்டூசி குத்தி நேராக்குவதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆகும். அதைச் சுருக்க நினைக்காதீர்கள்.

அடி ஓரத்தை எதற்காக 10 செ.மீ. விடச் சொல்கிறோம் என்றால், அகலமான மடிப்பு கனத்தைக் கீழே கொண்டுவரும், திரை காற்றில் பறக்காமல் நேராக விழும். முதலில் 1 செ.மீ. மடித்து இஸ்திரி போட்டு, பிறகு 9 செ.மீ. மடித்து, உள் விளிம்பை ஒட்டி டேப் வையுங்கள். வெட்டு முனை உள்ளே போய்விடுவதால் நூல் பிரிந்து வராது. பக்கத்தில் விட்டிருக்கும் 2.5 செ.மீ. ஒற்றை மடிப்புக்குத்தான். அங்கே டேப்பை வெட்டிய விளிம்புவரை இழுத்து ஒட்டினால் அந்தப் பசையே நூல்களைப் பிடித்துக்கொள்ளும்.

விரிப்பில் தைத்த ஓரம் இல்லையா? டேப் போட்டே கம்பிப் பை செய்யலாம், ஆனால் தாராளமாக. 2 செ.மீ. குறுக்களவுள்ள கம்பியின் சுற்றளவு 6.3 செ.மீ.; தட்டையாகப் பார்த்தால் பைக்கு 3.2 செ.மீ. போதும்போலத் தோன்றும். அப்படி இறுக்கமாக வைத்தால் கம்பி உள்ளே போனதும் மடிப்பு ‘வ’ மாதிரி வாய் பிளந்து, ஒட்டிய கோட்டை மேலிருந்து உரிக்கத் தொடங்கும். 5 செ.மீ. விட்டால் துணி இரண்டும் தட்டையாகக் கீழே இறங்கும், டேப்பில் விழுவது பக்கவாட்டு இழுப்பாக இருக்கும். அங்கே டேப் ஒரு வரிசை போதாது, இரண்டு வரிசை.

எடையையும் பாருங்கள். சதுர மீட்டருக்கு 130 கிராம் உள்ள பருத்தி விரிப்பில் இந்த அளவுத் திரை ஒன்று ஏறக்குறைய 260 கிராம். 400 கிராம் ஜீன்ஸ் துணியில் அதே திரை 800 கிராம். நனைந்தால் இரண்டுமே ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒட்டிய ஓரம் பெரும்பாலும் பிரிவது ஜன்னலில் அல்ல, ஈரத்தோடு முறுக்கிப் பிழியும்போது. மென்மையான சலவை, முறுக்காமல் பிழிதல், நிழலில் காயவைத்தல். சூடான உலர்த்தி இயந்திரத்தில் போட்டால் டேப் இளகும்.

துணிப் பசையும் அதன் உறவினர்களும்

டேப்புக்குச் சூடு ஆகாத துணிக்குத்தான் துணிப் பசை: ஜரிகைக் கரை, நைலான் வலை, குஞ்சம், லேஸ். டியூபில் ‘சலவை தாங்கும்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை காய்ந்ததும் கல் மாதிரி நிற்கும், தண்ணீர் பட்டதும் கரைந்துபோகும். கரைப்பான் கலந்த பசை இன்னும் வலுவானது, ஆனால் நெடி அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அசிட்டோன் கலந்ததாக இருந்தால் அசிட்டேட் துணியைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும்.

பசையைக் கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் படலமாகப் பரப்புங்கள். தடித்த கோடு இரண்டு தீமை செய்யும்: மெல்லிய துணியில் மறுபக்கம் ஊறிக் கறையாகும், காய்ந்தபின் அந்த இடம் குச்சியாக விறைத்து மடிப்பு விழாது. அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரிக்க மறந்தால் திரை மேஜையோடு குடித்தனம் நடத்தும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்தாலும், பாரம் ஏற்ற ஒரு நாள், சலவைக்கு மூன்று நாள் காத்திருங்கள். டேப்போடு ஒப்பிட்டால் இதன் பெரிய குறை இந்தக் காத்திருப்புதான். நீளமான ஓரத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம், அலங்காரம் ஒட்ட நன்று.

சூப்பர் கிளூவைப் பருத்தித் துணி பக்கமே கொண்டுபோகாதீர்கள். பருத்தி இழையில் பட்டதும் அது வேகமாக இறுகி வெப்பத்தைக் கக்கும். புகை வரும், விரல் சுடும். சுடாமல் தப்பித்தாலும் கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும் ஓரம்தான் மிஞ்சும்.

கிளூ கன் பற்றி நிறைய பேருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. நொடியில் ஒட்டுகிறது, உண்மைதான். ஆனால் அது உருக்கி விடும் பசைக் குச்சி பெரும்பாலும் ஈவிஏ என்ற பிளாஸ்டிக். உருகும் சூட்டுக்கு ரொம்பக் கீழேயே அது இளக ஆரம்பிக்கும். நேர் வெயில் விழும் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில், அதுவும் உலோகச் சட்டத்தின் மேல், பாரத்தோடு இருக்கும் கிளூ மெல்ல மெல்ல வழுக்கி இறங்கும். காலையில் ஒட்டிய மணிச்சரம் மாலையில் ஒரு விரற்கடை கீழே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வழவழப்பான கண்ணாடியிலும் உலோகத்திலும் அது பிடிப்பதும் இல்லை, ஆறியதும் பொத்தான் மாதிரி கழன்று வரும். மரக் குச்சி, அட்டை, கயிறு, மரமணி இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 120 டிகிரி அளவில் வேலை செய்யும் குறைந்த சூட்டு வகையே துணி அலங்காரத்துக்குப் போதும். 190 டிகிரி வகை மெல்லிய பாலியஸ்டரைச் சுருக்கிவிடும், விரலையும் பதம் பார்க்கும். பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். கிளூ கன்னில் ஒட்டிய எதையும் இஸ்திரி போட முடியாது என்பதையும் முன்னாலேயே யோசித்துவிடுங்கள்.

மாட்டும் சாமான்கள்

கிளிப் வளையத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம். மேலே வளையம், கீழே பல் உள்ள சின்னக் கவ்வி. துணியில் எதையும் மாற்ற வேண்டாம், ஓட்டை போட வேண்டாம், பிடிக்காவிட்டால் நாளைக்கு அதே புடவையைக் கட்டிக்கொள்ளலாம். 15 செ.மீ. இடைவெளிக்கு ஒன்று வேண்டும். 110 செ.மீ. திரைக்கு இரண்டு முனையும் சேர்த்து எட்டு. இடைவெளியை 25 ஆக்கி மிச்சம் பிடித்தால் கவ்விகளுக்கு நடுவே துணி தொட்டில் மாதிரித் தொங்கும். கவ்வியின் வாயில் பல் இருக்கிறதா என்று பாருங்கள். வழவழ வாய் உள்ளவை பட்டிலும் சாட்டினிலும் நழுவும். நழுவினால் துணியின் மேல் ஓரத்தை மூன்றாக மடித்துத் தடிப்பாக்கிக் கவ்வுங்கள். கனமான ஜீன்ஸுக்கு இது சரிவராது, அதற்குக் கம்பிப் பைதான். ஈரம் படும் ஜன்னலில் துரு ஏறி வெள்ளைத் துணியில் பழுப்புக் கோடு விழும் என்பதால் அங்கே துருப்பிடிக்காத எஃகு வகையைப் பார்த்து வாங்குங்கள்.

வளையத்துக்குப் பதில் பழைய உலோக வளையல் அருமையாக உழைக்கும். துப்பட்டாவின் மேல் ஓரத்தை வளையலுக்குள் ஒரு பிடி இழுத்து முடிச்சாகச் சுருட்டிவிட்டால் கவ்வியே வேண்டாம். ஆனால் கம்பியில் ஒரு முனை திறந்து இருந்தால்தான் வளையல் ஏறும், அதைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பே கோத்துவிடுங்கள். கண்ணாடி வளையல் இழுத்து மூடும் திரைக்கு ஆகாது. நாலு நாளில் ஒன்று உடைந்து சில்லு காலடியில் கிடக்கும்.

அழுத்தி மூடும் பிளாஸ்டிக் ஐலெட் தையல்காரர் கையில் போனது மாதிரி முடிப்பைத் தரும், ஆனால் அவசரக்காரர்களுக்கு இல்லை. ஓட்டை வெட்டிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கட்டும். எட்டு, பத்து, பன்னிரண்டு. ஒற்றைப்படையானால் ஒரு விளிம்பு சுவரைப் பார்த்தும் மறு விளிம்பு அறையைப் பார்த்தும் திரும்பி நிற்கும். அட்டையோடு வரும் அச்சைப் பயன்படுத்தி, வட்டத்தை ஐலெட்டின் உள் வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளி வட்டத்தைவிடச் சிறிதாக வெட்டுங்கள். மூடியதும் வெட்டு முனை பற்களுக்குள் மறைய வேண்டும். மெல்லிய துணி மட்டும் இருந்தால் பற்கள் பிடிக்க எதுவும் இல்லை, உருவிக்கொண்டு வரும். மேல் ஓரத்தை இரட்டையாக மடித்து, நடுவில் பழைய சட்டைக் காலரில் இருக்கும் விறைப்புத் துணியையோ ஒரு ஜீன்ஸ் பட்டையையோ டேப்பால் ஒட்டிவிட்டு வெட்டினால் நிற்கும். கம்பியின் கனம் ஓட்டையைவிட ஒரு செ.மீ.யாவது குறைவாக இல்லாவிட்டால் திரை தள்ளத் தள்ள மாட்டிக்கொள்ளும்.

ஸ்பிரிங் கம்பி ஆணி அடிக்க முடியாத வாடகை வீட்டுக்கென்றே பிறந்தது. ஜன்னல் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே தன் அழுத்தத்தாலேயே நிற்கும். மெல்லிய திரைக்கும் பாதி உயரத் திரைக்கும் நல்லது. பள்ளம் அகலமாக ஆக, நடுவில் தொய்யும். கீழே நழுவுகிறது என்றால் மூன்று காரணம்தான்: ரப்பர் முனையில் தூசி, சுவரில் உதிரும் சுண்ணாம்பு, அல்லது கம்பியைப் பள்ளத்துக்குச் சரியான அளவில் நிறுத்தியது. பள்ளத்தைவிடச் சற்று நீளமாகத் திருகி வைத்து, அமுக்கி உள்ளே நுழைக்க வேண்டும். அளவாக வைத்துவிட்டு அங்கே போய்த் திருகினால் போதிய அழுத்தம் வராது.

பின்னால் பசை போட்டு வரும் வெல்க்ரோ ஏமாற்றமே. அந்தப் பசை மரம், பிளாஸ்டிக் மாதிரி கெட்டியான பரப்புக்கானது. துணியில் ஒட்டினால் ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பாரம் நேராக உரியும் திசையில் விழும். வேறு வழியே இல்லை என்றால், சொரசொரப்புப் பட்டையைச் சட்டத்தில் அதன் சொந்தப் பசையால் ஒட்டுங்கள். மென்மையான பட்டைக்குப் பசை இல்லாத வகையை வாங்கி, சலவை தாங்கும் துணிப் பசையால் திரையில் ஒட்டுங்கள். மாற்றி ஒட்டினால் சலவையில் சொரசொரப்புப் பக்கம் எல்லாத் துணியின் நூலையும் இழுத்துக்கொண்டு வரும். திரையை ஏற்றி இறக்கப் பிரிப்பவர்களுக்கு இது வேண்டாம்.

கஞ்சியில் ஒட்டும் லேஸ்

இந்தப் பட்டியலில் மிகவும் குறைவாகப் பேசப்படும், ஆனால் செலவே இல்லாத முறை இதுதான். வெளியிலிருந்து உள்ளே தெரியாமல் இருக்க வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்றால் பழைய லேஸ் திரையையோ மேஜை விரிப்பையோ நேராகக் கண்ணாடியிலேயே ஒட்டிவிடலாம். இரண்டு மேஜைக்கரண்டி சோள மாவை இரண்டு மேஜைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரைக் கோப்பை கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கிளறினால் ஒளி ஊடுருவும் கூழாகக் கெட்டிப்படும். படவில்லையென்றால் அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும்.

கண்ணாடியை முதலில் எண்ணெய்ப் பசை போகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். லேஸை எல்லாப் பக்கமும் இரண்டு செ.மீ. அதிகமாக வெட்டுங்கள். அகலத் தூரிகையால் கண்ணாடியில் கூழைத் தடவி, மேல் விளிம்பிலிருந்து லேஸைப் படியவைத்துக்கொண்டே இறங்கி, அதன் மேலும் ஒரு கை தடவுங்கள். காற்றுக் குமிழியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். நன்றாகக் காய்ந்ததும் கூர்மையான கத்தியால் சட்டத்தை ஒட்டி மிச்சத்தை வெட்டலாம். ஈரமாக இருக்கும்போது வெட்டினால் நூல் இழுபட்டு ஓரம் கோணும். எடுத்துவிட நினைத்தால் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்தால் முழுசாக உரிந்து வரும், கண்ணாடியில் தடம் இருக்காது.

மெல்லிய, ஓட்டை உள்ள துணிக்குத்தான் இது. கனத் துணி தன் எடையிலேயே வழுக்கும். குளியலறைக் கண்ணாடியிலும், பனி வேர்த்து வழியும் கண்ணாடியிலும் கூழ் மறுபடி இளகி மூலை கிளம்பும், அடியில் பூஞ்சைப் புள்ளியும் வரும். கூழ் மிச்சமிருந்தால் எடுத்துவைக்காதீர்கள், இரண்டு நாளில் புளித்து நாறும்.

கட்டும் தொங்கலும்

திரையை ஓரமாகக் கட்டிவைக்க வீட்டில் சும்மா கிடப்பவை எல்லாமே உதவும்: பெல்ட், டை, அறுந்த பாசிமாலை, பெட்ஷீட்டில் மிஞ்சிய எழுபது செ.மீ. பட்டை. துணியைப் பட்டையாக மூன்று வெட்டிப் பின்னி, இரண்டு முனையிலும் வளையம் கோத்தால் தையலே இல்லாத கட்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும், மாலையும் கயிறும் வட்டமாகத் தொங்குவது கழுத்தில் மாட்டும் ஆபத்து. தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் மட்டும் மாட்டுங்கள், அல்லது இழுத்தால் தானாகக் கழலும்படி வெல்க்ரோத் துண்டால் மூடுங்கள். மேலே உரிந்துவிடும் என்று குறை சொன்ன வெல்க்ரோ இங்கே உரிவதற்காகவே உதவுகிறது.

பழைய சிடிக்களைத் தொங்கவிட்டால் ஒளி வானவில்லாகச் சிதறும். முழுசாகத் தொங்கவிடுவதே நல்லது. வெட்ட வேண்டுமென்றால் வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்து, கனமான கத்தரிக்கோலால், கண்ணாடி அணிந்து வெட்டுங்கள். குளிர்ந்த சிடி படாரென்று சில்லாகத் தெறிக்கும். அச்சுப் பக்கம் அறைக்குள் பார்க்கும்படி இருந்தால் வெயில் நேரே பளபளப்புப் பக்கத்தில் அடித்து எதிர் வீட்டுக் கண்ணைக் கூசவைக்கும், கொஞ்சம் திருப்பி வையுங்கள். நூலுக்குப் பதில் மீன்பிடி நரம்பு நல்லது. முடிச்சை இரட்டையாகப் போடுங்கள், நரம்பு ஒற்றை முடிச்சில் நழுவும். கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுக் கொக்கியில் மாட்டுவதானால் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கொக்கியின் வாயை லேசாக ஈரப்படுத்தி அமுக்குங்கள். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் உள்ளே காற்று விரிந்து சுருங்குவதால் அது என்றைக்காவது விழத்தான் செய்யும், ஆகவே உடையும் பொருளை அதில் மாட்டாதீர்கள்.

வண்ணத் தண்ணீர் நிரப்பிய உருண்டைக் குடுவை, கண்ணாடி உருண்டை, தடித்த அடியுள்ள பாட்டில் இவை வெயில் விழும் ஜன்னலில் அழகாகத்தான் இருக்கும். அவை பூதக்கண்ணாடி வேலையும் செய்யும். சூரியன் தாழ்வாக இருக்கும் நேரத்தில் ஒளியைக் குவித்துப் பக்கத்துத் திரையைப் பொசுக்கித் தீப்பிடிக்க வைத்துவிடக்கூடும். வெயில் விழாத ஜன்னலுக்கு மாற்றுங்கள், அல்லது தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே உலர்ந்த பூவோ பொத்தானோ நிரப்புங்கள்.